பத்தொன்பது

கடையில் என் வேலை
வெள்ளைத் துணிக்கு முன்னால் ஆட்களை இருத்துவது.
"நாடியைக் கொஞ்சம் உயர்த்துங்க. ரெண்டு காதும் தெரியவேணும்.
சிரிக்க வேணாம்."
நாள் முழுக்கச் சிரிக்காத முகங்களை
அளவாக வெட்டி உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு
ஐந்தரைக்குக் கதவை இழுத்துப் பூட்டி
கல்முனைச் சந்தைக்குள் இறங்குவேன்,
பழைய கமராவோடு.

அங்கே யாரும் எனக்காக நாடியை உயர்த்துவதில்லை.
மீன்பெட்டி ஐஸ் உருகி ஓடும் தண்ணீரை
ஒரு கையில் சேலை, மறு கையில் போனுமாகத்
தாண்டுகிறாள் ஒரு டீச்சர்.
கால் அந்தரத்தில் நிற்கிற அந்த இமைப்பொழுது
எனக்கு வேண்டும்.
கிடைத்தது
குறுக்கே வந்த ஆட்டோவின் பின்பக்கம்.

"என்ன புள்ள எடுக்கிற? ஆருக்குக் காட்ட?"
மீன் வெட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான்
ஆதம்பாவா காக்கா கேட்டார்.
அது மரியாதை.
கேள்வி அதைவிடப் பழையது.
ஒருகாலம் இங்கே ஒரு முகத்தைக் காட்டிக்கொடுக்க
ஒரு தலையாட்டல் போதும்.
சாக்கில் இரண்டு ஓட்டை, உள்ளே கண்.
நானும் முகத்தை மறைத்துக்கொண்டுதானே பார்க்கிறேன்?
அவர் முன்னாலேயே அழித்தேன்.
அடுத்த படம் திரையில் வந்தது:
அவருடைய தராசில் ஏறிப் படுத்த பூனை.
"அது இரிக்கட்டும்."

அழகையா மட்டும் ஒன்றும் கேட்டதில்லை.
பஸ் ஸ்டாண்ட் மூலையில் லொத்தர்ச் சீட்டுப் பலகை,
அதன் பக்கத்தில்
வீதிக்கு முதுகைக் காட்டி ரேடியோவைத் திருகிக்கொண்டிருப்பார்.
வயல்பக்கம் சாய்கிற வெயில்
பனியன் ஓட்டைகளில் வந்து உட்காரும்.
கடல்காற்றுக்குச் சீட்டெல்லாம் துடிக்கும்.
மூன்று மாதமாக அந்த முதுகைத் திருடினேன்.
முதுகுதானே, அதற்கென்ன தெரியும்?
பின்னாலிருந்து பார்த்தால்
இரண்டு காதும் வடிவாகத் தெரிகிற ஒரே மனிதர் அவர் என்பது
எனக்குப் படவில்லை.

நேற்றுத் திரும்பாமலே சொன்னார்:
"பத்தொன்பது."
"என்ன ஐயா?"
"அந்தச் சாமானுக்குச் சத்தம் எண்டு ஒண்டு இருக்குகா.
படத்துக்கு ஒரு சீட்டு. நாப்பது ரூபா."

இரவு எண்ணிப் பார்த்தேன். பதினெட்டு.
ஒன்று கைநடுங்கிக் கலங்கிப்போய்
அன்றைக்கே அழித்தது.
அதற்கும் அவரிடம் கணக்கு இருந்தது.

இன்றைக்கு எழுநூற்று அறுபது கொடுத்தேன்.
பத்தொன்பதையும் அவரே கிழித்துத் தந்தார், விரலை நக்கி நக்கி.
பிறகு கதிரையை
கிரீச்சென்று என் பக்கம் திருப்பினார்.
"இனி முன்பக்கம் எடு. இது சும்மா."

நாடி உயர்ந்தது.
சிரிப்புப் போனது.
இரண்டு காதும் தெரிய, மூச்சைப் பிடித்துக்கொண்டு,
வெள்ளைத் துணி ஒன்றுதான் குறை.

கமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமல்
அவர் மூச்சை விடட்டும் என்று நின்றேன்.
அக்கரைப்பற்று பஸ் நிரம்பி, ஹோர்ன் அடித்து, வெளிக்கிட்டது.
அவர் விடுவதாயில்லை.