என் அறையில் ஸபேல்

வேலிக்கு இந்த வருடம் ஆரஞ்சு.
போன வருடம் வந்தவர்கள் நீலம் அடித்தார்கள்,
அதற்கு முன்னால் பச்சை.
பாலர் பள்ளி வேலியை நகத்தால் சுரண்டினால் போதும்,
எந்தக் கோடையில் யார் தாய்நாடு தேடி வந்தார்களென்று
கியூம்ரியில் எவரும் சொல்லிவிடுவார்கள்.

ஸபேல் அர்ஜென்டினாக்காரி. கோர்டோபா.
மூன்று விமானம், ஒரு மினிபஸ், கழுத்தில் பெயரட்டை,
சட்டையில் 'வீட்டுக்கு வந்துவிட்டேன்' என்று அச்சு.
வீடு எங்களுடையது.
அறை என்னுடையது.
தொண்டர் அமைப்பு மாதம் பிறந்ததும் வாடகை தந்தது.
நான் சமையலறையில்
ஃபிரிட்ஜின் உறுமலுக்குப் பக்கத்தில் பாய் போட்டேன்.

முதல் நாள் காலை ஹவ்கித் வேண்டுமென்றாள்.
கோழி விவகாரம் என்பதுவரை அம்மாவுக்குப் புரிந்தது.
உரித்த கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள்.
ஸபேல் கையால் ஒரு உருண்டை வரைந்தாள்.
எங்கள் ஊரில் முட்டைக்கு ட்ஸூ.
இரண்டும் ஆர்மேனியன்தான்.
அவளுடைய கொள்ளுப்பாட்டன் ஒரு பக்கம் ஓடினார்,
என்னுடையவர் இன்னொரு பக்கம்.
முட்டையை மட்டும் ஆளுக்கொரு பெயரில் கொண்டுபோயிருக்கிறார்கள்.

அரகாட்ஸ் மலை தெரிகிற ஜன்னலை விட்டுவிட்டுப்
போக எப்படி மனம் வருகிறது என்றாள் ஒருநாள்,
விரலெல்லாம் ஆரஞ்சுப் பெயிண்டோடு.
கொண்டி சரியில்லை, காற்றடித்தால்
மடித்த காகிதத்தைச் செருகு என்றேன்.

வருவதற்கு அவளுக்கு டிக்கெட் கொடுத்தார்கள்.
போவதற்கு நான் கடன் வாங்கினேன்.
முதல் தவணை, அவள் தந்த வாடகையில் போனது.
இதை அவளிடம் சொல்லவில்லை.
அம்மாவும் சொல்லியிருக்க மாட்டாள்.

த்யூமெனில் எனக்கும் பெயிண்ட் வேலைதான்.
பதினாறு மாடி. படிக்கட்டுச் சுவர்.
வெள்ளை, வெள்ளை, மறுபடி வெள்ளை.
எந்த ஊர் என்று கேட்டான் உஸ்பெக் பையன்.
ஊர்ப்பெயர் அவனுக்குத் தெரியவில்லை.
உடனே மலையை வர்ணிக்க ஆரம்பித்துவிட்டேன், நான்,
எனக்கே வெட்கமாகிப் பாதியில் நிறுத்தினேன்.

ஸபேல் இன்னும் மூன்று மாதம் நீட்டித்திருக்கிறாள்.
குரல் செய்தி அனுப்புகிறாள், ஞாயிறுதோறும்,
ட்ஸூ விலை ஏறிவிட்டது என்கிறாள்,
கடைசி எழுத்தை எங்கள் தெருக்காரர்கள் இழுப்பதுபோல இழுத்து.
பின்னால் அம்மா யாரையோ திட்டுவது கேட்கிறது.

நேற்று கடையில் முட்டை அட்டைக்குக் கை நீட்டினேன்.
வாயில் வந்தது ஹவ்கித்.
கல்லாப் பெண் ரஷ்ய மொழியில் 'என்ன?' என்றாள்.

இன்று வந்த செய்தி சின்னது:
கொண்டியைக் கம்பி வைத்துக் கட்டிவிட்டேன்,
இனிமேல் ஜன்னல் ஆடாது.

காகிதத்தை எறிந்துவிட்டாயா என்று கேட்டேன்.
ஏன், அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லையே என்றாள்.

தெரியும் என்றேன்.