பண்ணைப் பாலத்தில் மூன்று செக்கன்

இரண்டு அன்னங்களையும் பட்டாவில் ஏற்றிக்
கழுத்தைச் சேர்த்துக் கயிறு போட்டான் நிரோசன்.
வேலணையில் கலியாணம். ஒன்பது நாற்பதுக்கு முகூர்த்தம்.
பைபர் அன்னங்கள். உள்ளே வெறுங்காற்று.
சொண்டின் செம்மஞ்சள் மட்டும் நான் பூசியது.

யாழ்ப்பாணத்துக்கு அன்னம் வந்து நான் கண்டதில்லை.
ஆனாலும் எங்கு திரும்பினாலும் அதுதான்:
திருவிழாவில் சுவாமியைச் சுமக்கும்,
குத்துவிளக்கின் உச்சியில் நிற்கும்,
சேலைக் கரையில் வரிசை போகும்,
கேக்கின் மேல் சீனியாய்க் குந்தியிருக்கும்,
தமிழ்ப் பாட வினாத்தாளில்
பாலையும் நீரையும் பிரித்து
ஐந்து புள்ளி வாங்கித் தரும்.
ஒன்றுகூடப் பறக்காது.
பதினொரு வருசமாய் வாடகைக்கு விடுகிறேன்,
சிறகு விரித்தது கேட்டு ஒருவரும் வரவில்லை.
கழுத்து வளைய வேணும்.
இரண்டு கழுத்தும் முட்டினால் ஒரு இதயம் தெரிய வேணும்.
அவ்வளவுதான்.

சூரிச்சிலிருந்து சுகந்தி அனுப்பிய வீடியோ
இன்னும் போனில் கிடக்கிறது.
ஏரிக்கரை, குளிர், அவளின் மூச்சுச் சத்தம்.
ஒரு அன்னம் எழும்பப் பார்க்கிறது.
பஸ்ஸைப் பிடிக்க ஓடும் ரீச்சர் போல
தண்ணீரை உதைத்து உதைத்து ஓடுகிறது,
கறுத்த பாதம் சளக் சளக்கென்று,
கழுத்து நேராய், ஒரு தடி மாதிரி.
'இதுவாடி அன்னநடை?' என்று எழுதிக் கேட்டேன்.
'பாரம் அக்கா. பத்துக் கிலோ வரும்.'
அவளும் அப்படித்தான் எழும்பினாள்,
இரண்டு காணி ஈடு வைத்து,
மூன்று நாட்டு மண்ணை உதைத்து.
அதை நான் எழுதவில்லை.

பாலத்தில் வாடைக் காற்று.
குறிகாட்டுவான் பஸ் முந்திப் போன வேகத்தில்
கயிறு அவிழ்ந்ததைக் கண்ணாடியில் கண்டேன்.
முதலில் ஆடியது. பிறகு
இடது பக்கத்து அன்னம்
எழும்பிப் போனது.
ஓடவில்லை, உதைக்கவில்லை, பாரமே இல்லாதது.
மூடிய சிறகோடும் வளைந்த கழுத்தோடும்
றோட்டுக்கரைக் கல்லுக்கு மேலால்
இரண்டு செக்கனோ, மூன்றோ.
"அக்கா, பறக்குது!"
நிரோசன் பிறேக்கை மறந்துவிட்டான்.

மல்லாந்து விழுந்து, உருண்டு, நிமிர்ந்து
தனக்குத் தெரிந்த வேலையைத் தொடங்கியது: மிதந்தது.
தள்ளி நின்ற பூநாரைகள், நூறு இருக்கும்,
ஒரே தரத்தில் வெருண்டன.
அவையும் தண்ணீரில் ஓடித்தான் எழும்பின.
பிறகுதான் விரிந்தது அந்தக் கறுப்பும் சிவப்பும்,
யாரோ சேலை உதறியதுபோல,
மண்டைதீவுப் பக்கம் திரும்பி.
எத்தனை வருசமாய் இந்தப் பாலத்தால் போகிறேன்.

சிறகுவலையடியில் நின்ற மரியநேசன்
முழங்கால் தண்ணீரில் நடந்து
கக்கத்தில் அன்னத்தோடு வந்தார்.
"வலைக்குள்ள பூரப் பாத்தது. கலியாண வீடோ?"
சொண்டு நுனி உடைந்திருந்தது. நெஞ்சில் சாதாழை.
காசு நீட்டினேன், வாங்கவில்லை.
"இது ஆணோ, பெண்ணோ?" என்று மட்டும் கேட்டார்.
எனக்குத் தெரியவில்லை.

மணவறையில் உடைந்த சொண்டை
மல்லிகைச் சரத்தால் மறைத்தேன்.
இதயம் வந்தது, கொஞ்சம் கோணலாய்.
கமராக்காரர் காணும் என்றார்.
மந்திரம் முடிந்து பந்தி தொடங்கியும்
அன்னத்தின் அடியிலிருந்து கடல்
சொட்டுச் சொட்டாய்க் கம்பளத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.
துடைக்கத் துணி தேடாமல் பார்த்தபடி நின்றேன்.
நிரோசன் கயிறு வாங்கப் போயிருந்தான்.