இரட்டைக் கோடு

சனிக்கிழமை, காலை ஆறரை, அல் ஐன்.
வெளியே இப்போதே முப்பத்தெட்டு டிகிரி.
மாலின் கீழ்த்தளத்தில்
மூக்கு நுனி மரத்துப்போகிறது.
கடை ஷட்டர்கள் இன்னும் இறங்கியே இருக்கின்றன.
ஷூ நாடாவை மூன்றாவது தடவை அவிழ்த்துக் கட்டுகிறேன்.
முதலில் இறுக்கம், அடுத்து தொளதொளப்பு,
இப்போது
ஷூமேல் பழி போட முடியாத அளவுக்குச் சரி.

போன வாரம் சால்கவ் வந்தது.
நாலு தடவை.
நாலாவதில், இறங்கிய பாதம்
தன்பாட்டுக்குப் பின்னோக்கி ஓடிக்கொண்டே இருந்தது.
பார்க்க ஒருவரும் இல்லை,
நான் சத்தமாகச் சிரித்தேன்.
இன்று அதே வீட்டுக் கதவைத் தட்டினால்
யாரோ எட்டிப் பார்த்து
"யார் வேணும்?" என்கிறார்கள்.

முதல் தாவல், இரண்டு காலிலும் இறங்கினேன்.
அடுத்தது, இடது இடுப்பில்.
மூன்றாவதில் கால் கிளம்பவே இல்லை,
கைகள் மட்டும் போய்விட்டுத் திரும்பி வந்தன.
ஒன்பது வயது ஷம்மா
விழுந்து கிடக்கும் என்னைச் சுற்றிப் போய்
ஓர் ஆக்ஸல் போட்டுவிட்டு
மூக்கைத் துடைத்துக்கொள்கிறாள்.

காரணங்கள் இல்லாமலா?
நாலு மணி நேரத் தூக்கம்.
மாதவிலக்கின் முதல் நாள்.
நேற்று திரும்பி வந்த நாற்பத்தொரு கிளெய்ம்கள்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டு அனுப்பலாம்,
கிளினிக் பில்லிங்கில் எனக்கு அதுதான் வேலை.
எந்தக் காப்பீடும் ஏற்காது.

பக்கத்து நாற்காலி ஜெனிட்டா
குரல் செய்தி அனுப்பியிருக்கிறாள்:
"யானைக்கும் அடி சறுக்கும்க்கா."
அடி சறுக்குவதற்கென்றே
மாதம் முந்நூறு திர்ஹம் கட்டும் யானை நான்.

தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்த போனில்
விழுந்ததை மெதுவாக ஓட்டிப் பார்க்கிறேன்.
முகத்தைப் பார்க்காதே. தோளைப் பார்.
கால் திரும்பி முடிப்பதற்குள்
வலது தோள் கிளம்பிவிடுகிறது,
பஸ் நிற்குமுன்னே எழுந்து
படிக்கட்டில் போய் நிற்கிறவரைப் போல.

சரி, இன்று தாவல் கிடையாது.
ஹாக்கி வட்டத்தின்மேல் திருப்பம் மட்டும்.
இடது கால், வெளி விளிம்பில் முன்னோக்கிப் போய்
உள் விளிம்பில் பின்னோக்கித் திரும்பும்.
பனியில் ஒரு 3 விழும்.
விழ வேண்டும்.

குனிந்து பார்த்தால்
என் மூன்றெல்லாம் இரண்டிரண்டு கோடு.
கத்திக்கு இரு விளிம்பு, நடுவே பள்ளம்.
சாய்ந்தால் ஒன்றுதான் கீறும்.
விறைத்து நிமிர்ந்தால் இரண்டும்.
காலையிலிருந்து பயந்துகொண்டிருந்திருக்கிறேன்,
பனி சொல்லித்தான் தெரிகிறது.

முட்டியை மடக்கு. இன்னும்.
திரும்பியதும் தோளைப் பிடி,
ஒன்று, இரண்டு என்று எண்ணும் வரை.
அசிங்கமாக இருக்கிறது,
சாக்கடையைத் தாண்டத் தயங்குகிறவள் மாதிரி.
எட்டாவது. பதினொன்றாவது.
பதினாலாவதிலோ பதினைந்திலோ
திருப்பத்துக்குப் பிறகு ஒற்றைக் கோடு.
கையுறையால் அளந்தேன்:
ஒரு சாண்.
அப்புறம் மறுபடி இரண்டாகிவிட்டது.

படம் எடுத்தேன், வெறும் வெள்ளை விழுந்தது.
அதற்குள் ரோமெல் பனி இழைக்கும் வண்டியோடு வந்து
நகரும்படி ஹாரன் அடித்தான்.
என் சாணும் ஷம்மாவின் ஆக்ஸலும்
ஒரே ஈரத்துக்கு அடியில் போயின.

நோட்டில் எழுதியது:
ஜூன் 14. தாவல் இல்லை. வலது தோள், பொறு. ஒரு சாண்.

பார்க்கிங்கில் கண்ணாடி முழுக்கப் புகை பிடித்தது.
கார் வரைக்கும் போகுமுன்
நனைந்த கால்சட்டை காய்ந்தே விட்டது.
ஸ்டியரிங் சுடுகிறது.
இடது இடுப்பில் உட்கார முடியவில்லை.
இந்த ஊரில் எங்கே போனாலும் ரவுண்டானா,
எல்லாம் நான் சுற்றும் அதே திசையில்.
இரண்டாவதில்
வலது தோளைச் சீட்டோடு அழுத்தி வைத்திருந்ததில்
என் வழியைத் தவறவிட்டேன்.
பின்னாலிருந்த லேண்ட் குரூசர் கத்தியது.
இன்னொரு தடவை சுற்றினேன்.