குறிப்பு: ஒன்றுமில்லை

வாங்குவது சுகம். அதை முதலில் எழுதிவைக்கிறேன்.
பதினெட்டு வயதான விமானம்,
நைரோபியில் யாரோ கடனுக்காக விற்றது.
இறக்கை கழற்றிக் கொள்கலனில் வந்து
கொழும்புத் துறைமுகத்தில் எழுபத்தொரு நாள் கிடந்தது.
வாகனமா, இயந்திரமா, விளையாட்டுச் சாமானா என்று
சுங்கத்தில் மூன்று பேருக்கு மூன்று கருத்து.
பாதுகாப்பு அமைச்சுக்கு மட்டும் ஒரே கேள்வி:
ஏன் ஒட்டுசுட்டான்?

நண்டு, என்றார் புவனலோஜினி அக்கா.
கொக்கிளாயில் விடியப் பிடித்த நண்டு
லொறியில் கொழும்பு போய்ச்சேர முன்னம்
பத்தில் மூன்று செத்துப்போகும்.
செத்த நண்டைச் சிங்கப்பூரில் வாங்கமாட்டார்கள்.
இதைப் பதினொரு கடிதத்தில் எழுதினார்.
பன்னிரண்டாவதை நான் தட்டச்சு செய்தேன்.
அப்படித்தான் பதிவேடு என் கைக்கு வந்தது.

முதல் பறப்பு, தை மாதம், ஒரு புதன்.
கிரவல் ஓடுபாதையில் மயில்களைக் கலைத்துவிட்டு
நிமலரூபன் எஞ்சினை முடுக்கினான்.
நான் கந்தோரில் பேனையோடு இருந்தேன்.
தலைக்கு மேலால் அது போனபோது
பேனை மேசையில், நான் மேசைக்குக் கீழே,
காதைப் பொத்தி, வாயைத் திறந்து,
நெஞ்சு நிலத்தில் முட்டாமல் முழங்கையில்.
உடம்பு என்னைக் கேட்கவில்லை.
எழும்பித் தூசி தட்டி எழுதினேன்:
பறப்பு நேரம் பூச்சியம் தசம் நாலு.
எண்ணெய் அழுத்தம் சரி.
குறிப்பு: ஒன்றுமில்லை.

பின்னேரம் கதைகள் வந்தன.
வித்தியாபுரத்தில் ஒருவர் சைக்கிளோடு வாய்க்காலுக்குள்.
கூழாமுறிப்பில் அடுப்பில் பால் பொங்கி அணைந்திருக்கிறது,
வீட்டில் ஒருவரும் இல்லை.
பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கையசைத்தார்களாம்.
டீச்சர்மார் நிலத்தில்.

காப்புறுதிப் படிவத்தில் ஆபத்துக்கு ஒன்பது கட்டம்:
பறவை, மின்னல், வெள்ளம், விமானியின் குடி…
இதற்குக் கட்டம் இல்லை.

அக்கா சைக்கிளுக்குப் புதுச் சில்லு வாங்கிக் கொடுத்தார்.
இறக்கையின் அடிப்பக்கத்துக்குப் பூசணிப்பூ மஞ்சள் அடிப்பித்தார்.
ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, முதல்நாள் பின்னேரமே,
நாளை காலை ஆறே காலுக்கு நண்டுப் பிளேன் போகும்,
நண்டுப் பிளேன் மட்டும்தான்.
அந்த ஓட்டோக் கூலியைப் பராமரிப்பு என்று கணக்கில் போட்டேன்.
கணக்காய்வாளர் கேட்டார்.
பராமரிப்புத்தான் என்றேன்.

நூறு மணிக்கு ஒருமுறை மன்னாரிலிருந்து
செபமாலை லெம்பேட் வருவார்.
நீட்டுத் திருப்புளியைக் காதில் வைத்து எஞ்சினைக் கேட்பார்.
நண்டுக் கூடையிலிருந்து சொட்டிய உப்புத்தண்ணி
தளத்தகட்டுக்குள் இறங்கி
அலுமினியத்தை மாவாக்கிக்கொண்டிருந்தது.
சுரண்டினார், பூசினார், கையெழுத்து வைத்தார்.
ஒரு மாரியில் வால் பக்கத்தில் எலி குட்டி போட்டது.
ஒரு வருடம் டொலர் ஏறி
தீப்பொறிக்கட்டை நாலுக்கு ஒரு மாட்டு விலை.
ஓட்டோ அறிவிப்பு எப்போது நின்றதென்று
எனக்குச் சரியாக ஞாபகமில்லை.
ஒரு பங்குனியில் அதற்குப் பணம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.
பேந்து சனம் அதைப் பார்த்து மணிக்கூடு திருத்தியது.
பிந்தினால் அக்காவின் போனுக்கு ஏச்சு வரும்.

ஏழு வருடம். இரண்டாயிரம் மணித்தியாலம்.
எஞ்சினை முழுதாகப் பிரித்துச் செய்யக் கேட்ட காசுக்கு
குளிரூட்டிய லொறி இரண்டு வாங்கலாம்.
அக்கா இரண்டு இரவு யோசித்தார், வாங்கினார்.

விற்பது சுகமில்லை. புத்தளத்திலிருந்து ஒருவர் வந்து
இறக்கையைத் தட்டிப் பார்த்துக் கிலோக் கணக்கில் கேட்டார்.
பதிவெழுத்தைச் சுரண்ட அடியில் நைரோபி எழுத்துத் தெரிந்தது.
மிச்சப் பெற்றோலை லெம்பேட் வடித்துக்கொண்டார்.
லொறியில் வால் ஏறிய அன்று
வாய்க்காலில் விழுந்தவர் அதே சைக்கிளில் வந்து நின்றார்.
ஒன்றும் கதைக்கவில்லை. மஞ்சள் தகட்டில் ஒரு துண்டு கேட்டார்.
கோழிக்கூட்டுக்காம்.

பதிவேட்டை மூடிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும்.
அதில் அழிக்கக்கூடாது, அது சட்டம்.
பிழை என்றால் ஒற்றைக் கோடு,
அடியில் உள்ளது வாசிக்கக்கூடியதாக, பக்கத்தில் ஒப்பம்.
முதல் பக்கத்தைத் திறந்தேன்.
ஒன்றுமில்லை என்பதன் மேல் கோடு இழுத்தேன்,
ஒப்பம் வைத்தேன், திகதி போட்டேன்.
திருத்தத்தை எழுத இடம் விட்டிருக்கிறேன்.
தபால் நாலரைக்கு மூடும்.