நீலத் துளி

கங்கைகொண்டான் சிப்காட், மூன்றாம் ஷெட்.
உவரிக் கடற்கரைப் படிகளுக்குப் போகவேண்டிய
கைப்பிடிக் குழாய்கள் பதினெட்டு
வெல்டிங் முடிந்து தரையில் கிடக்கின்றன,
பற்றவைத்த இடமெல்லாம்
வானவில் வழிந்த கறை.

மயில்துத்தக் கரைசலோடு குனிகிறேன்.
ஒரு சொட்டு. ஆறு நிமிடம்.
நீலம் நீலமாகவே நின்றால் கையெழுத்து.

பதினோராவது குழாய், நான்காம் நிமிடம்,
நீலத்துக்கு அடியில் மெல்லச் சிவந்தது
மிளகளவு தாமிரம்.
எங்கள் ஆற்றின் பெயரில் இருக்கிற அதே தாமிரம்.
இரும்பு எங்கே வெற்றுடம்போடு நிற்கிறதோ
அங்கே மட்டும் வந்து உட்காரும்.

"அண்ணாச்சி, எந்த பிரஷ்ஷ வச்சுத் தேச்சீய?"
சொரிமுத்து பதில் சொல்லவில்லை.
பக்கத்து ஷெட்டில் கறுப்பு இரும்பு கேட் செய்கிறார்கள்.
அவர்களுடைய கம்பி பிரஷ்
இவர் பெஞ்சுக்கு அடியில், எலிவால்போல் எட்டிப் பார்த்தது.

எவர்சில்வருக்குத் துரு என்றால் தெரியாது
என்றுதான் ஊரில் பேச்சு.
தெரியும்.
காற்று தொட்ட கணமே
உள்ளிருக்கும் குரோமியம் முந்திக்கொண்டு ஓடிவந்து
ஆக்சிஜனைக் கட்டிக்கொள்கிறது.
அந்தக் கட்டலில் நெய்த தோல்,
ஒரு தலைமுடியைப் பல்லாயிரமாய் வகிர்ந்த அளவு.
இரும்பின் துரு உதிர்ந்து உதிர்ந்து அடுத்ததற்கு வழிவிடும்.
இது உதிராது, ஒட்டிக் கிடக்கும்.
கீறிப் பாருங்கள்,
ஆணியை எடுத்து வைப்பதற்குள் காயம் மூடியிருக்கும்.
மருந்து வேண்டாம், மூச்சுவிட இடம் போதும்.
அப்பிக் கிடக்கும் அழுக்குக்கு அடியில்தான் திணறும்.

லூர்துக்கனி கையுறை மாட்டி அமிலப் பசை தடவினாள்.
வானவில் போயிற்று, ஒட்டுண்ணி இரும்பு போயிற்று.
ஊற்றி ஊற்றிக் கழுவி
ஒரு ராத்திரி முழுக்கக் காற்றிடம் விட்டுவைத்தோம்.

மறுநாள் ஆறு நிமிடமும் நீலம்.
சொரிமுத்து என் முகத்தைப் பார்க்காமல்
"இனிமே நம்ம பிரஷ்ஷு மட்டுந்தான்" என்றார்.

கையெழுத்துப் போடும்போது
நான் இருமுறை அனுப்பிய கடிதம் ஞாபகம் வந்தது:
கடலோரத்துக்கு மாலிப்டினம் கலந்தது வேண்டும்,
முந்நூற்றுப் பதினாறு வாங்குங்கள்.
முந்நூற்று நாலே போதும் என்று பதில்.
மிச்சப் பணத்துக்கு வளைவு விளக்கு போடுகிறார்களாம்.

உப்புக்கு அவசரமே கிடையாது.
ஊசிமுனையளவு இடம் பார்த்துக் குடியேறி
அங்கேயே உள்நோக்கித் தோண்டும்.

நாற்கரச் சாலையில் லாரி தெற்கே திரும்பியபோது
பதினெட்டுக் குழாயிலும் வெயில் ஒரே கோடாய் ஓடியது.
வாரம் ஒருமுறை நல்லதண்ணீரில் கழுவவும்,
ரசீதின் பின்பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறேன்.
ரசீதை யார் திருப்பிப் பார்க்கிறார்கள்.