எண்பத்தேழில் ஒன்று

எண்பத்தேழால் வகுத்தாலும்
சேர்வராயன் கூரையை இடிக்கும்.
மலையைப் பாதியில் நிறுத்தினோம்
நானும் தமீமும்.
தெர்மாகோல் மேல் மைதாப் பசை,
அதன்மேல் காயவைத்த காப்பிச் சக்கை.
ஏற்காட்டு மண்ணுக்கு
ஏற்காட்டுக் காப்பிதானே சரி என்றார்.
வெள்ளைக் கரட்டுக்குக் காசு செலவில்லை.
லாரியிலிருந்து சிதறிய மாக்னசைட் கட்டியை
அம்மியில் வைத்து நுணுக்கினேன்.
இரண்டு நாள் சட்னி நறநறத்தது.

லோகூர் வளைவில் நான்காம் பெட்டி
எப்போதும் இறங்கிவிடும்.
தண்டவாளத்தை அரத்தால் ராவினோம்,
சக்கரம் மாற்றினோம், திட்டினோம்.
கடைசியில் அதன் வயிற்றில்
ஒரு துருப்பிடித்த நட்டைப் போட்டார் தமீம்.
பத்துக்கு ஏழுமுறை சொன்னபடி கேட்டது.

கண்காட்சிக்கு முந்தைய இரவுதான்
மாடிப்படியின் அகலம் நினைவுக்கு வந்தது.
ஜங்ஷனை ஒயர் ஒயராகக் கழற்றி
ஊரை நான்காக அறுத்தோம்.
குட்டியானையில் ஏற்றி, மெதுவாப் போப்பா,
மெதுவாப் போப்பா என்று கெஞ்சியும்
ஐந்து ரோட்டு வேகத்தடையில்
மலை பிளந்தது,
சரியாக லோகூருக்கு மேலே.

பள்ளிக்கூட அரங்கு. பூச நேரமில்லை.
பிளவின் ஓரம்
நகத்தளவு ஆட்கள் நாலு பேரை ஒட்டினார் தமீம்,
மஞ்சள் சட்டை, மண்வெட்டி.
பல்குத்தும் குச்சியில் ஒரு சிவப்புக் கொடி.

பதினொரு மணிக்கு முதல் வண்டி.
எஞ்சின், ஒன்று, இரண்டு, மூன்று
நான் பார்க்கவில்லை.
கடந்துவிட்டது என்று
ஒரு சிறுமியின் கைதட்டலில் தெரிந்தது.

கூட்டத்திலிருந்து ஒருவர் குனிந்தார்,
சூரமங்கலம் லோகோ பைலட்டாம்.
மண்சரிவை, ஆட்களை, கொடியை
வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"வேலை நடக்குற இடம்.
பதினைஞ்சுக்கு மேல போகக் கூடாதுங்க."

குமிழைக் கொஞ்சம்
குறைத்துத் திருகினேன்.