கியர் தண்டுக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச்

கடல் நாலு வீட்டுக்கு அப்பால்.
அது காரைத் தின்னும் விதம் தெரியுமா?
கதவின் அடிவிளிம்பில் தொடங்கும்,
பெயின்றுக்குக் கீழே, பொறுமையாக.
கொப்புளம் விடும்வரை ஒன்றும் சொல்லாது.

தொண்ணூறாம் ஆண்டு ஸ்டார்லட், ஜிடி டர்போ.
வாங்கியபோது டர்போ இல்லை.
"அது சும்மா சத்தம் மிஸ், கழட்டிப்போட்டம்" என்றான்
மாளிகாவத்தையில் விற்ற பொடியன்.
ஹம்டன் ஒழுங்கை ஃபிளாட்டுக்குக் கீழே
என் பெயருக்குள்ள பார்க்கிங்கில்
நாலு ஸ்டாண்டில் ஏற்றி வைத்தேன்,
பதினாலு மாதம்.
செயலாளர் அரியநாயகம் கடிதம் போட்டார்:
வாகனம் என்றால் ஓட வேண்டும்.
நானும் அதைத்தான் சொல்கிறேன் ஐயா.

பகலில் வங்கிக் கவுண்டரில் காசு எண்ணுவேன்.
எவரும் நோட்டைப் பார்ப்பதில்லை, என் விரலைத்தான்.
சீனியும் சலவைத்தூளும் போட்டுத் தேய்த்தாலும்
நகக்கண்ணில் ஒரு கறுப்புக் கோடு
கையொப்பம் போல மிஞ்சும்.

பஞ்சிகாவத்தையில் ஃபஸ்லி நானா
டர்போ ஒன்றைப் பேப்பரில் சுற்றித் தந்தார், மீன் மாதிரி.
விசிறியைச் சுண்டினேன்.
சுற்றி நின்றது, அச்சு ஆடவில்லை.
விலையைக் கேட்டபின் நான்தான் கொஞ்சம் ஆடினேன்.

ஹெட் கஸ்கெட் ஸ்காபரோவிலிருந்து வந்தது,
தம்பியின் கலியாணத்துக்கு வந்த மச்சாள் நளாயினியின்
பட்டுச்சேலை மடிப்புக்குள்.
கட்டுநாயக்காவில் பிரித்து, என்ன இது என்றார்களாம்.
நகை என்றாளாம்.

கார்ப்பெட்டைக் கிழித்தால்
ஓட்டுபவரின் காலடியில் ஒரு பால்மா ரின்,
தட்டி விரித்து, ரிவெட் அடித்து,
துருத் துளையை மூடியிருந்தார்கள்.
'முழு ஆடை' என்பது வரை வாசிக்க முடிந்தது.
அதன்மேல் குதிக்கால் ஊன்றி எவனோ
நூற்றியறுபதில் போயிருக்கிறான்.
வெட்டி எடுத்தேன். எறியவில்லை.

எதை மீட்பது, எதை மாற்றுவது,
கணக்குப் புத்தகம் போல இரண்டு பக்கம்.
சீட் துணி: பழையதே, நீலக் கோடு.
இன்டர்கூலர்: பெரிது.
சைலன்சர்: பெரிது
(அரியநாயகத்தின் படுக்கையறை முதலாம் மாடி. யோசிக்க).

எந்தப் பக்கத்திலும் சேராமல்
கியர் தண்டுக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச்.
பெயரில்லை. கம்பனி வைத்ததும் இல்லை.
வயரைப் பிடித்துக்கொண்டே போனேன், இரண்டு ஞாயிறு.
சிவப்பு, பிறகு டேப் சுற்றிய மஞ்சள்.
ஒன்று முன்விளக்குக்கு, ஒன்று கூரை விளக்குக்கு.
தட்டினால் வெளியே தணியும், உள்ளே எரியும்,
ஒரே நேரத்தில்.

ஏன் என்று கேட்டுக்கொண்டு
ஸ்பானரைத் துடைத்தேன், இரண்டு தரம்.
பிறகு விளங்கியது.
மணல்மூட்டை. டோர்ச்.
லைட்டைக் குறை, உள்ளே போடு, முகத்தைக் காட்டு.
பின்சீட்டில் எனக்குப் பதினாறு,
கைக்குள் ஐசி வியர்த்துக்கொண்டு.
அப்பா முதலில் ஒன்றைத் தேடுவார்,
பிறகு மற்றதை,
எப்போதும் பிந்துவார்.

இந்தக் காருக்கு ஓடுவதற்கென்று
என்னென்னவோ செய்திருக்கிறார்கள்.
நிற்பதற்கென்று செய்தது இது ஒன்றுதான்.
சாலிடர், சொல்லத்தான் வேண்டும், அழகாக இருந்தது.
"வெட்டிவிடுங்க தங்கச்சி" என்றார் ஃபஸ்லி நானா.
புது ஃபியூஸ் ஒன்று போட்டேன்.

வெசாக் முடிந்த வியாழன், இரவு பத்தரை, மரைன் டிரைவ்.
முதலாம் கியர். இரண்டாம்.
மூவாயிரத்து ஐந்நூறில் மூச்சைப் பிடித்து ஒரு இழுவை,
முதுகு சீட்டோடு ஒட்டியது,
கவுண்டரில் சொல்லக்கூடாத சொல் ஒன்று
வாயில் வந்தது.
மூன்றாவதுக்குத் தள்ளும்போது
புறங்கை சுவிட்சில் பட்டது.

ரோடு மங்கியது.
நான் வெளிச்சமானேன்.

பக்கத்தில் வந்த ஆட்டோக்காரன் எட்டிப் பார்த்தான்:
நாற்பத்திரண்டு வயது, நெற்றியில் கிரீஸ்,
பல் தெரியச் சிரித்துக்கொண்டு ஒருத்தி.
கோர்ன் அடித்தான்.
அணைக்கக் கை உடனே போகவில்லை.
தெஹிவளைப் பக்கம் திரும்பும்வரை அப்படியே போனேன்.
யாரும் மறிக்கவில்லை.

பிரேக் இடப்பக்கம் இழுக்கிறது.
ஞாயிறு பார்க்க வேண்டும்.